தேடல் கட்டங்களுக்குள் அடங்காத காணிகள்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க நினைப்பவர்களில் பலர் இன்று முதலில் தரகரிடம் போவதில்லை. கைபேசியில் விற்பனை இணையத்தளங்களைத் திறக்கிறார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளை அங்கிருந்தே தேடி, பிடித்த வீட்டின் படத்தை ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புகிறது. மாவட்டம், விலை, அறைகள், காணியின் அளவு என்ற கட்டங்களை நிரப்பினால் பட்டியல் வந்துவிடும்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. வாய்வழியாக நடக்கும் விற்பனையில் சாதியும் ஊரும் பார்த்துக் கதவடைக்கப்பட்டவர்களுக்கு, விற்பனைக்குள்ள வீடுகளையாவது இந்தத் தளங்கள் காட்டுகின்றன. ஆனால் அவற்றின் கட்டங்கள் கட்டடத்தையே அளக்கின்றன. போரைக் கண்ட மண்ணில் சிக்கல் பெரும்பாலும் காணியில்தான் இருக்கிறது.

முதலாவது தண்ணீர். வற்றாத ஆறில்லாத குடாநாடு சுண்ணக்கல் படுகையில் தேங்கும் மழைநீரை நம்பியிருக்கிறது. ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்தது உவராகவும் இருக்கலாம். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மாசு கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. விளம்பரத்தில் இருப்பதோ 'கிணறு உண்டு' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

இரண்டாவது உரித்து. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை உறுதிக் காணிபோல நினைத்தபடி விற்க முடியாது. அரச அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணத்துப் பங்குக் காணிகளில், தேசவழமைப்படி பிறருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் பங்காளிகள் இன்று நான்கு நாடுகளில் இருக்கக்கூடும்.

மூன்றாவது, எந்தக் கட்டத்திலும் எழுத முடியாதது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் வலிந்து காணாமலாக்கப்பட்டிருந்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். காணி கணவனின் பெயரில் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். மரணச் சான்றிதழ் வேண்டாம், உண்மை வேண்டும் என்று 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் போராடிவரும் குடும்பங்களுக்கு அந்தச் சான்றிதழ் வெறும் காணி ஆவணம் அல்ல. கையில் பணமில்லாத அத்தகைய ஒரு தாயின் வீடு மலிவு விலையில் பட்டியலில் வந்தால், வாங்குபவர் கண்ணுக்கு அது நல்ல பேரமாகவே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் வேறு குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கின்றன. பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோரும் சட்டத்திலிருந்து போர்க்காலத்தை விலக்க 2016இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்ததே இந்தச் சிக்கலின் பரப்பைக் காட்டும்.

இணையத்தளங்கள் உறுதியா அனுமதிப்பத்திரமா, உரிமையாளர் எத்தனை பேர், கிணற்று நீர் பரிசோதிக்கப்பட்டதா என்ற கேள்விகளையாவது சேர்க்கலாம். அது கடினமான வேலை அல்ல. ஆனாலும் விற்பவர் எழுதும் பதிலைச் சரிபார்ப்பது வாங்குபவரின் பொறுப்பே. முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யுங்கள். நில அளவையாளரைக் கொண்டு எல்லை பாருங்கள். கிராம அலுவலரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் யார் இருந்தார்கள், எப்போது போனார்கள், ஏன் திரும்பவில்லை என்று கேளுங்கள். தண்ணீரைக் கோடையில் ஒருமுறை குடித்துப் பாருங்கள், ஆய்வுகூடத்துக்கும் அனுப்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்கள் பட்டியலைப் பார்த்து வீட்டைத் தெரிவுசெய்யலாம். அந்தக் காணியின் கதையை ஊரில் ஒருவர் நடந்துபோய்த்தான் கேட்டுவர வேண்டும்.