இருக்கு... ஆனா இல்ல!

வெளியில சாரல். ஹாஸ்டல் மொத்தமும் ஐந்தருவிக்குக் கிளம்பிட்டாங்க. நீங்க மட்டும் லேப்டாப் முன்னாடி, தலையில கை வச்சு உக்காந்திருக்கீங்க. நாளைக்குக் காலையில ப்ராஜெக்ட் வைவா. வெப்சைட்டை ஓட்டினா ஸ்கிரீன்ல ஒரே வரி: 'நோ மாட்யூல் நேம்டு ஃபிளாஸ்க்'. "நேத்துதானே இன்ஸ்டால் பண்ணித் தொலைச்சேன்!"

பைத்தானும் பொய் சொல்லல மக்கா. அது கம்ப்யூட்டர் முழுக்கத் தேடாது. அதுகிட்ட 'சிஸ் டாட் பாத்'னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல உள்ள ஃபோல்டர்களை மட்டும் வரிசையா எட்டிப் பார்க்கும். முதல்ல ஆம்புடறதை எடுத்துக்கும். எதிலயும் இல்லைன்னா கையை விரிச்சிடும்.

பல பேர் மெஷின்ல ரெண்டு, மூணு பைத்தான் குடியிருக்கும். 'பிப்' ஒரு வீட்டுல சாமானை இறக்கியிருக்கும், நீங்க தேடுறது அடுத்த வீட்டுல. 'வென்வ்' போட்டவங்க புது டெர்மினல்ல அதை ஆக்டிவேட் பண்ண மறந்தாலும் இதே கதைதான். அதனால பிப்பைத் தனியா கூப்பிடாதீங்க. 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்'னு அடிங்க. எந்த பைத்தானைக் கூப்பிட்டீங்களோ, அதுக்குள்ளயே போய் உக்காரும். அப்பவும் டவுட்டா? ப்ரோக்ராமோட உச்சியில 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்'ஐப் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ஓடுறது எந்த பைத்தான்னு முழு அட்ரஸோட சொல்லிடும். இதைப் பார்க்காம, ராத்திரி பன்னெண்டு மணிக்கு இன்னொரு பைத்தானை டவுன்லோடு பண்றது இருக்கே... வேண்டாம் சாமி!

'கேனாட் இம்போர்ட் நேம்'னு வந்தா அது வேற கேஸ். ஆள் கிடைச்சாச்சு, நீங்க கேட்ட பொருள்தான் அவர்கிட்ட இல்ல. உங்க ஃபைலுக்கே 'ஃபிளாஸ்க் டாட் பிஒய்'னு பேர் வச்சிருக்கீங்களா பாருங்க. பஸ்ல 'குற்றாலம்'னு மட்டும் டிக்கெட் கேட்டா மெயின் அருவியில இறக்கி விட்டுருவாங்க. நீங்க நினைச்சது பழைய குற்றாலமா இருந்தா யார் மேல தப்பு? ஃபைல் பேரை மாத்துங்க, சரியாப் போகும். ரெண்டு ஃபைல் ஒண்ணையொண்ணு இம்போர்ட் பண்ணிக்கிட்டாலும் இந்த எர்ரர் வரும். ரெண்டு பேருக்கும் பொதுவான கோடைப் பிரிச்சு மூணாவது ஃபைல்ல வைங்க.

சில மாட்யூலுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, தெருவுல ஒரு பேரு. இன்ஸ்டால் பண்றது 'பில்லோ', இம்போர்ட் பண்றது 'பிஐஎல்'. 'ஓப்பன்சிவி-பைத்தான்'னு இறக்கி 'சிவி2'ன்னு கூப்பிடணும். பேரைக் குத்துமதிப்பா அடிச்சு மட்டும் இறக்கிடாதீங்க. கிட்டத்தட்ட அதே பேர்ல வில்லங்கமான பேக்கேஜை ஏத்தி வச்சு மாட்டவைக்கிற ஆளுங்களும் உண்டு.

உங்க லேப்டாப்ல ஓடிடுச்சா? அதுக்குள்ள அருவிக்கு ஓடாதீங்க. 'பிப் ஃப்ரீஸ்' குடுத்து, வர்ற லிஸ்டை 'ரெக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி'யில போட்டு ப்ராஜெக்ட் கூடவே வைங்க. வைவா நடக்கப்போற லேப் மெஷினுக்கு உங்க வென்வ் பத்தி ஒண்ணும் தெரியாது. அங்க நெட் வேலை செய்யுதான்னு லேப் அண்ணன்கிட்ட இன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டுருங்க.