"எடுத்துடலாம்மா"

"ரெண்டு பிள்ளை இருக்குல்ல, எடுத்துடலாம்மா" என்றார் மருத்துவர். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. 'அடி இறங்கிடுச்சு' என்று அவரிடம் வாய்திறக்கவே எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. விரலால் உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போன மூன்று வருடம்.

வேறு வழியும் உண்டு என்று ஏன் சொல்லவில்லை? கர்ப்பப்பை இறங்குவது, அதைத் தாங்கும் தசையும் நாரும் தளர்வதால். தாங்கலைச் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிறகு யோனியின் மேல்முனையே இறங்கலாம். இடுப்படித் தசைக்கான பயிற்சியை ஆர்னால்ட் கீகல் 1948இலேயே எழுதிவிட்டார். பெஸரி என்ற சிலிக்கான் வளையம் இருக்கிறது. உள்ளே பொருத்தலாம், கழற்றிக் கழுவலாம். இரண்டையும் எனக்குச் சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், அதுவும் முதுகுவலிக்குப் போன இடத்தில்.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளையம் எல்லாருக்கும் நிற்காது. இறக்கம் முற்றினால் பயிற்சி மட்டும் போதாது. நாளைக்கு நானே ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாம். அது எல்லாம் தெரிந்து நான் எடுக்கும் முடிவாக இருக்கும்.

"பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது?" என்கிறார்கள். பிள்ளை பெத்ததோட என் உடம்பின் கணக்கு முடிஞ்சுபோச்சா?