சாமான் ஏற்றும் நேரம்

கண்ட்ரி ராக் என்றால் உடனே க்ராம் பார்ஸன்ஸ். 1973 செப்டம்பரில், 26 வயதில், ஜோஷுவா ட்ரீ விடுதியறையில் போதை மிஞ்சிச் செத்தார். சிநேகிதர்கள் பிணத்தைக் கடத்திப் பாலைவனத்தில் கொளுத்தினார்கள். ரஸிகனுக்கு இதில் ஒரு சிலிர்ப்பு. சாலையே தரிசனம் என்கிறான். சுத்த அபத்தம்.

அதே வருஷம் ஜூலையில் க்ளாரன்ஸ் வொயிட் செத்தார். பேர்ட்ஸ் குழுவின் கிடார்காரர். தோள்வாரை இழுத்தால் ஒரு தந்தியின் சுருதி ஏறும்படி ஜீன் பார்ஸன்ஸோடு (க்ராமுக்கு உறவில்லை) சேர்ந்து பொறி கண்டவர். பாம்டேலில் வாசித்து முடித்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவரின் கார் மோதியது. வயது 29. இதில் காவியம் இல்லை, சுமைகூலி வேலைதான்; அதனால் ரஸிகனுக்கு ஞாபகமும் இல்லை. ஊர் ஊராகப் போகிற வாத்தியக்காரனுடைய நாளில் பாட்டு கொஞ்ச நேரம். மற்றதெல்லாம் ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது. இந்த அலுப்பை விட்டுவிட்டுச் சாவை மட்டும் எழுதுவது விமர்சனமல்ல, இழவு வீட்டுப் பந்தி.

பரிட்டோ பிரதர்ஸில் ஸ்டீல் கிடார் வாசித்த பீட் க்ளைனோ 1971ல் விலகினார். பின்னால், பொம்மைகளை அசைத்துப் படமெடுக்கும் தம் பழைய தொழிலுக்கே போனார். 72 வயது வரை இருந்தார். அவரைப் பற்றி யார் கவிதை எழுதப் போகிறீர்கள்?