மல்டி குசின் ஒழிக!

ஊட்டியில் சாப்பிட உட்கார்ந்தால், பெரும்பாலான ஓட்டல்களில் முதலில் வருவது தண்ணீர் இல்லை, புத்தகம். லாமினேட் செய்த பன்னிரண்டு பக்கம். இட்லியில் ஆரம்பித்து பட்டர் நான், பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், ஷெஸ்வான் ஃப்ரைடு ரைஸ், ஒயிட் சாஸ் பாஸ்தா என்று உலகத்தை ஒரு ரவுண்டு வந்து, கடைசிப் பக்கத்தில் ஃபலூடாவில் கரை ஒதுங்குவார்கள். வாசல் போர்டில் 'மல்டி குசின்' என்று போட்டிருக்கும். தமிழில் சொன்னால், 'எங்களுக்கு எதுவும் முழுசாகத் தெரியாது.'

ஒரு தடவை பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். 214 அயிட்டம். சமையலறையில் எட்டிப் பார்த்தால் நாலே பேர். நாலு பேர் 214 அயிட்டத்தை எப்படிச் சமைப்பார்கள்? சமைக்க மாட்டார்கள். ஃப்ரிட்ஜில் பெரிய பெரிய டப்பாக்கள் இருக்கும். சிவப்பு கிரேவி, வெள்ளை கிரேவி, மஞ்சள் கிரேவி. கடாய் பன்னீர் என்றால் சிவப்பில் ஒரு கரண்டி. மலாய் கோஃப்தா என்றால் வெள்ளையில் ஒரு கரண்டி. மேலே க்ரீம் ஊற்றினால் பஞ்சாப், தேங்காய்ப்பால் ஊற்றினால் கேரளா. பெயர்தான் இன்று வைத்தது, சமைத்தது நேற்று.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "ஃபேமிலியா வர்றாங்க சார். பாட்டிக்கு இட்லி, பையனுக்கு நூடுல்ஸ், மாமாவுக்கு நான். ஒண்ணு இல்லைன்னா மொத்தக் குடும்பமும் எந்திரிச்சுப் பக்கத்துக் கடைக்குப் போயிடும்."

இந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. 2025-ல் உயர் நீதிமன்றம் சீசன் நெரிசலுக்காக ஊட்டி வண்டிகளுக்கு வரம்பு போட்டது. சாதாரண நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு சனிக்கிழமைக்கு 32,000 வாய். வரம்பு போட்டபிறகே இவ்வளவு. இத்தனை வாயில், ஒரே ஒரு அயிட்டம் மட்டும் விற்கிற கடைக்கு நூறு வாய் கிடைக்காதா?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் ஓர் இளைஞர். குன்னூர் பக்கத்தில், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் படகர் குடும்பம். ஆறு வருஷம் ஜப்பானில் நகோயா நகரத்தில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குன்னூரில் கடை போடப் போகிறார். சூப் இல்லாத ஜப்பானிய நூடுல்ஸ். அது மட்டும்தான். வேறு எதுவும் கிடையாது.

ஊரே சிரிக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பின் மீதுதான் கோபம்.

முதலில் அந்தச் சமாசாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அபுரா சோபா என்று பெயர். அபுரா என்றால் எண்ணெய். மஸே சோபா என்றும் சொல்வார்கள், மஸே என்றால் கலப்பது. ராமெனுக்குப் போடுகிற கோதுமை நூடுல்ஸ்தான், கொஞ்சம் தடிமன். 1950-களில் டோக்கியோவின் மேற்குப் புறநகர்களில், காசில்லாத காலேஜ் பையன்களின் சாப்பாடாகப் பிரபலமானது. 2008-ல் நகோயாவில் மென்யா ஹனாபி என்ற கடை இதிலேயே இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. அதற்குப் பெயர் தைவான் மஸே சோபா. தைவானில் பிறந்ததில்லை. கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் என்ன உறவோ, கிட்டத்தட்ட அதேதான். சூப்புக்கென்று காரமாக வதக்கிய கொத்துக்கறி சூப்பில் எடுபடவில்லை. கொட்டப்போன நேரத்தில், பார்ட் டைமாக வேலை பார்த்த பெண் 'வெந்த நூடுல்ஸ் மேல போட்டுப் பாருங்களேன்' என்று சொன்னாராம். இன்று ஜப்பான் முழுக்கக் கிடைக்கிறது.

டோக்கியோவில் வசேடா பல்கலைக்கழகத்துப் பக்கம் இப்படி ஒரு கடையில் நான் சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் மெஷின். காசு போட்டால் டோக்கன் வருகிறது. உள்ளே பெஞ்ச் மாதிரி நீள மேஜை, பத்து ஸ்டூல். மெனு கார்டே இல்லை, எதற்கு? சாதா, பெரிசு, டபுள் என்று மூன்று அளவு. மூன்றுக்கும் ஒரே விலை. சூப் காய்ச்சுகிற செலவு கிடையாதே, கூட நாலு பிடி நூடுல்ஸ் போட்டால் என்ன நஷ்டம் என்கிறார்கள். ஆயிரம் யென்னுக்கு முன்னே பின்னே. அந்த ஊர்ச் சம்பளத்துக்கு அது பையன்கள் சாப்பாட்டு விலைதான்.

கிண்ணம் வந்தால் பார்க்க ஒன்றுமே இல்லை. மேலே கொஞ்சம் வெங்காயத்தாள், மூங்கில் குருத்து, ஒரு துண்டுக் கறி, கடற்பாசித் தாள். சாஸும் எண்ணெயும் அடியில் ஒளிந்திருக்கின்றன. எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வினிகர் ஒரு சுற்று, மிளகாய் எண்ணெய் ஒரு சுற்று, சூடு ஆறுவதற்குள் அடியிலிருந்து புரட்டு. அந்தக் கலக்கலில்தான் அது சாப்பாடாகிறது. உறிஞ்சுகிற சத்தம் வந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். நகோயா வகையில், தின்று முடித்தபிறகு கிண்ணத்தில் மிஞ்சிய மசாலாவில் ஒரு பிடி சோறு போட்டுத் தருவார்கள். பிசைந்து வழித்துச் சாப்பிட வேண்டியது. நம்ம ஊரில் அம்மா கறி வறுத்த சட்டியில் சோறு போட்டுப் பிரட்டிக் கொடுப்பாளே, அதேதான்.

சூப் இல்லாததால் தப்பிக்க வழியில்லை என்பது இதில் முக்கியம். குழம்பு நன்றாக இருந்தால், சோறு குழைந்திருந்தாலும் ஆளை ஓட்டிவிடலாம் என்பது மெஸ் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். சூப்பில் மிதக்கிற நூடுல்ஸுக்கும் அந்தச் சலுகை உண்டு. இதற்குக் கிடையாது. மாவில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கலந்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, அந்த மஞ்சள் நிறமும் இழுவையும் வரவேண்டும். வெந்ததும் சில கடைகளில் குச்சியால் அழுத்திக் கிளறி, மேல்தோலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குகிறார்கள். அப்போதுதான் சாஸ் ஒட்டும். ஒரே அயிட்டம் செய்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்.

சரி, சிரிக்கிறவர்களுக்கு வருவோம்.

"குளிர் ஊர்ல சூப் இல்லாம நூடுல்ஸா?" என்பது முதல் கட்சி. ஐயா, நம்ம இளைஞர் மூன்று மாதமாக ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இந்த ஊரின் குளிருக்காகவும் உயரத்துக்காகவும்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். 1,850 மீட்டரில் இருக்கிற குன்னூரில் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். 2,240 மீட்டர் ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி கம்மி. நகோயாவின் நிமிஷக் கணக்கில் எடுத்தால் நூடுல்ஸின் நடுவில் பச்சை மாவு நிற்கும். அதிகம் விட்டால் வெளிப்பக்கம் கூழாகும். எத்தனை நிமிஷம், எத்தனை தடிமன், கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்திருந்து எடுப்பது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். 214 அயிட்டக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? காலையிலேயே நூடுல்ஸை வேகவைத்து எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி மூடிவிடுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு உங்களுக்கு வருவது அதுதான்.

இரண்டாவது கட்சி, பண்பாட்டுக் கட்சி. "நம்ம இடியாப்பம் இருக்கும்போது ஜப்பான் நூடுல்ஸ் எதுக்கு?" நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். எங்கே அந்த இடியாப்பம்? மலை இறங்கினால் கொங்கு நாடு. அரிசியை ஊறவைத்து ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு இரண்டு பேர் தம் கட்டிப் பிழிகிற சந்தகை அந்த ஊர்ச் சொத்து. அதுவும் சூப் இல்லாத நூடுல்ஸ்தான், எலுமிச்சையோ தேங்காயோ போட்டுப் பிரட்டியது. மலை மேலே, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய தோட்டக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு இடியாப்பத்தையும் தேங்காய்ச் சம்பலையும் சாப்பிட்டிருக்கிறீர்களா? சந்தகை மட்டும், இடியாப்பம் சம்பல் மட்டும் என்று போர்டு வைத்த கடை ஒன்று ஊட்டி மெயின் ரோட்டில் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஜப்பான்காரன் வந்தால்தான் இவர்களுக்கு இடியாப்பம் ஞாபகம் வருகிறது.

அந்நியச் சாப்பாடு என்று இந்த மலையில் பேசுவதே வேடிக்கை. உருளைக்கிழங்கும் கோஸும் 1819-க்குப் பிறகு கலெக்டர் சல்லிவன் காலத்து வெள்ளைக்காரர்களோடு மலையேறியவை. தேயிலையின் பூர்வீகம் சீனா. சீனர்களே வந்திருக்கிறார்கள். 1860-களில் சீனக் கைதிகளை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து சிங்கோனா தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். விடுதலையானபிறகு சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டதை, தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தன் பெரிய புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர்களோடு சம்பந்தமில்லாமல் பிற்காலத்தில் இன்னொரு சீனக் குடும்பம் ஊட்டி கமிஷனர்ஸ் ரோட்டில் ஷின்கோஸ் என்று ஓட்டல் ஆரம்பித்தது. 1950-களில். சீனச் சாப்பாடுதான். தோசை கிடையாது, நான் கிடையாது. பக்கத்துக் கடைக்குக் குடும்பம் எழுந்து போய்விடும் என்று அவர்கள் பயப்படவில்லை. தலைமுறை தாண்டியும் ஆள் தேடிப் போகிறார்கள்.

ஒரே அயிட்டத்துக்கு ஆள் வரமாட்டான் என்பதைத் திருநெல்வேலியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். இருட்டுக்கடை சாயந்திரம் திறந்து, அல்வா தீர்ந்ததும் மூடிவிடுகிற கடை. கியூ தெருவில் நிற்கிறது. ஊட்டியிலேயே வர்க்கி இருக்கிறதே. போர்டு இல்லாத பேக்கரியில்கூட வர்க்கிக்கு ஆள் நிற்கிறது. (ஹோம் மேட் சாக்லேட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊட்டியில் கொக்கோ காய்ப்பதில்லை. பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிய கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுவதுதான் அந்த 'ஹோம்'.)

மூன்றாவது கட்சிதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. இளைஞரின் சொந்தக்காரர்கள். "நம்ம வீட்டுச் சாப்பாடு போடாம, எவனோ சாப்பாட்டை ஏன் போடுறே?"

படகர் வீட்டுச் சாப்பாடு என்றால் சாமைச் சோறு, ராகிக் களி, அவரைக் குழம்பு, தோட்டத்துக் கீரை. ஊட்டிக்கு இருபது தடவை வந்தவர்களில் எத்தனை பேர் இதைத் தின்றிருப்பார்கள்? சாமையும் ராகியும் விளைந்த மேட்டு நிலம் பெரும்பகுதி இன்றைக்குத் தேயிலை. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. அதிலிருந்து சின்ன விவசாயிகள் எழுந்து நிற்கவே இல்லை. பிள்ளைகள் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். தேயிலை போட்டதால் சாமை போயிற்று, தேயிலை விலை போனதால் பிள்ளைகளும் போனார்கள். மேலே வருகிற 32,000 பேரோ பன்னீர் பட்டர் மசாலா தின்றுவிட்டு, 'ஊட்டியில சாப்பாடு சரியில்லப்பா' என்று இறங்குகிறார்கள். அவர்கள் ஊட்டிச் சாப்பாட்டைச் சாப்பிடவே இல்லையே! ஊட்டியை யார் அவர்களுக்குப் பரிமாறினார்கள்?

சொந்தக்காரர்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, அவரைக் குழம்பு எங்கம்மாவுக்குத்தான் கை வரும். ஆறு வருஷம் நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். தெரிஞ்சதைப் போடுறேன்."

இதைவிட நேர்மையான பதிலை எந்த ஓட்டல் முதலாளியும் எனக்குச் சொன்னதில்லை.

உடனே ஒரு நண்பர், "அப்ப அம்மாவோட களியையும் அந்த மெனுவுல சேர்த்துக்க வேண்டியதுதானே" என்றார். கூடவே கூடாது. ஒன்று சேர்த்தால் இரண்டாவது சேரும், அப்புறம் லாமினேஷன்காரர் வந்துவிடுவார். அம்மாவுக்குத் தனிக் கடை போடட்டும். ஒரு அடுப்பு, இரண்டு பேர், மத்தியானம் மட்டும், களியும் அவரைக் குழம்பும், தீர்ந்தால் கதவை மூடிவிட வேண்டியது. ஜப்பான் நூடுல்ஸ் தின்ன வருகிறவன் பக்கத்துக் கதவில் எட்டிப் பார்ப்பான். பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஒரு அயிட்டக் கடைக்கு முதல் சின்னது, வீண் போவதும் கம்மி. 214 அயிட்டக்காரருக்கு ஜெனரேட்டர் செலவே மாசம் எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள்.

கறி வேண்டாதவர்களுக்குக் காளான் போட்டு ஒன்று என்று இறங்கி வந்திருக்கிறார். அதற்குமேல் ஒரு அயிட்டம்கூட இறங்கமாட்டேன் என்கிறார். பூண்டு, கேரட், வெங்காயத்தாள் எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்த் திரும்பி வராமல், பக்கத்துத் தோட்டத்தில் நேராக வாங்க ஏற்பாடு. விலை விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. டோக்கியோவில் மாணவர்கள் தின்கிற சாப்பாட்டை இங்கே பங்களாக்காரர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடாதே, குன்னூர் டாக்ஸி டிரைவர் ஒருவர் மாசத்தில் ஒருநாளாவது வந்து உட்காரும்படி விலை வை என்கிறேன். வாடகையைச் சொல்லி என் வாயை அடைக்கிறார்.

பெட்போர்டு பக்கம் இடம் பார்த்தாயிற்று. அட்வான்ஸ் பேசி முடித்து, கை கொடுக்கும்போது கட்டட ஓனர் அன்பாகச் சொன்னாராம்:

"எதுக்கும் சைடுல ஃப்ரைடு ரைஸும் போட்டுக்கங்க தம்பி."