பழைய மோட்டார் சைக்கிளும் சங்கக் கடனும்

அங்கத்தினர் சிலர், தம் தந்தையார் ஓட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை விற்க மனமின்றிப் போற்றி வருகின்றனர். அந்த அபிமானத்தை நாம் குறை கூறோம். ஜப்பானிய அமைப்பில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் 1985-ல் இந்நாட்டில் வெளியிட்ட வண்டி அது. 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சி.சி. எஞ்சின், 11 குதிரைத் திறன். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு வெடிப்பு நிகழும் இரண்டு வீச்சு எஞ்சினாதலின், சிற்றுருவிற்கு வேகம் மிகுதி. நூல் சிப்பத்தையும் கத்தரிக்காய் மூட்டையையும் அதில் கட்டிச் சென்றதை முதியோர் இன்றும் பேசுவர். எண்ணெயும் சேர்ந்து எரிவதால் புகையும் மிகுதியே; அதை எவரும் நினைவுகூர்வதில்லை!

எனினும், இவ்வண்டியை வாங்கவென்றே நகையை அடகு வைப்பதை நாம் ஒப்போம். பதிவுப் புத்தகத்து எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்துள்ளனவா என்றுகூடப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டுமென்பதையும் பின்னரே அறிகின்றனர்.

அண்மையில் ஒரு சங்கத்தில் தணிக்கை செய்தோம். கடன் மனுவில் கண்ட நோக்கம், தறி பழுது பார்த்தல். பணம் சென்றதோ பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்கும். தந்தையின் வண்டியைச் சீர்படுத்த விரும்பும் அங்கத்தினர் அதையே மனுவில் எழுதுக. நிர்வாகக் குழுவினரும் நகையாது அதனைப் பரிசீலிப்பாராக.