பெரிய மேகசின் வாங்கலாமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை நாலு மணி. ஒரு கூடை சங்கரா ஏலத்தில் நின்றிருந்தார் அந்தப் பெண். பதினைந்து வருடமாக அங்கே மீன் எடுத்து, ராயபுரத்துத் தெருக்களில் விற்கிறவர். கூடை அவர் பேருக்கு முடிந்தது. கையிலிருந்த ரொக்கம் போக மீதியை போனில் அனுப்பப் பார்த்தால், கணக்கில் பணம் போதவில்லை என்று வந்தது. இன்னொரு முறை பார்த்தார். அதே பதில். ஏலக்காரர் காத்திருக்கவில்லை, மீனும் காத்திருக்காது. கூடை அடுத்த ஆளுக்குப் போனது. அன்றைக்கு அவர் கொண்டுவந்தது கொஞ்சம் கானாங்கெளுத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் எட்டாவது படிக்கும் மகனிடம் போனை நீட்டி, “துட்டு எங்கடா போச்சு, பாரு” என்றார். அந்த வீட்டில் போன் சம்பந்தமான எல்லாம் அவன் பொறுப்பு. பின் நம்பரும் அவனுக்கு மனப்பாடம். அன்றைக்கு மட்டும் பையனுக்கு பள்ளிக்கூடம் போக அவசரம் வந்துவிட்டது. மாடி வீட்டு காலேஜ் பெண்தான் பார்த்துச் சொன்னாள். ஒரே மாதத்தில் பதினோரு முறை பணம் போயிருக்கிறது. ஒன்பது முறை 80 ரூபாய், இரண்டு முறை 250 ரூபாய். மொத்தம் 1,220.

சாயங்காலம் விசாரணை நடந்தது.

“இன்னாடா வாங்கின அவ்ளோ துட்டுக்கு?”

“மேகசின்மா.”

“மேகசினா? எங்கடா, ஒரு புக்கையும் காணோமே?”

அவர் கேட்டதில் தப்பில்லை. நம்மில் பலருக்கு மேகசின் என்றால் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் வாரப் பத்திரிகைதான். இரண்டும் ஒரே சொல்தான் என்பது ஒரு வேடிக்கை. அரபு மொழியில் கிடங்கைக் குறிக்கும் ‘மக்ஸன்’ ஐரோப்பாவுக்குப் போய் மேகசின் ஆனது. வெடிமருந்துக் கிடங்குக்கும் அந்தப் பெயர், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிக்கும் அந்தப் பெயர். பலவகை விஷயங்களின் கிடங்கு என்ற பொருளில் 1731-ல் லண்டனில் ஒரு பத்திரிகை அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள, அதுவே எல்லா வாரப் பத்திரிகைகளுக்கும் பெயராகிவிட்டது.

பையன் வாங்கியது துப்பாக்கி மேகசின். அதாவது, போனுக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு. அவன் விளையாடுவது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தபோது, அதன் அண்ணன் மாதிரியான இந்த மேக்ஸ் மட்டும் தப்பித்து நின்றது. இதில் துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ என்று ஒரு சட்டை உண்டு. சில சட்டைகள் வெறும் அழகுக்கு இல்லை. சேதம், சுடும் வேகம், மேகசின் கொள்ளளவு என்று சில குணங்களை ஏற்றும், சிலவற்றை இறக்கும். அதை வாங்க ‘வைரம்’ வேண்டும். வைரம் வாங்கத்தான் அம்மாவின் கணக்கு.

நாலு பேர் சேர்ந்து ஆடுகிற அணியில் மற்ற மூன்று பேரிடமும் ஸ்கின் இருக்கிறது. இவனிடம் மட்டும் இல்லை. முதலில் சாகிறவன் இவன், ‘நூப்’ என்று பேர் வாங்குகிறவனும் இவன். பதிமூன்று வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

பஞ்சாயத்துக்கு வந்தவர் எதிர்வீட்டு ஆர்மிக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, இப்போது திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை. அம்மாவுக்கு அண்ணன் முறை, பையனுக்கு மாமா.

“முப்பது குண்டு தீந்துடுச்சுன்னா ரீலோடு பண்ணணும் மாமா. அந்த கேப்புலதான் என்னைப் போட்டுட்றானுங்க. மேகசின் பெருசா இருந்தா கேப்பே வராது” என்றான் பையன்.

ஆர்மிக்காரர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்விதான்டா. கணக்கு போடு. ஏ.கே. ரைபிள் நிமிஷத்துக்கு அறுநூறு குண்டு சுடும். விநாடிக்கு எத்தன?”

“பத்து.”

“அமுக்கிப் புடிச்சா முப்பது குண்டு எவ்ளோ நேரம்?”

“மூணு செகண்டு.”

“நாப்பது?”

“நாலு...” என்றான் பையன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தக் கூடுதல் பத்துக் குண்டு ஒரே ஒரு விநாடி. அமுக்கிப் பிடித்தே பழகியவனுக்கு அதுவும் போய்விடும், ரீலோடு இடைவெளி ஒரு விநாடி தள்ளி வரும், அவ்வளவுதான். உலகம் முழுக்க ராணுவங்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருக்கின்றன. பழைய பாய்ன்ட் 303 ரைபிளில் பத்துத் தோட்டா. அதற்குப் பின் வந்த எஸ்.எல்.ஆரில் இருபது, ஒரு அமுக்கலுக்கு ஒன்றுதான் போகும். இன்சாஸிலும் இருபது, ஒரு அமுக்கலுக்கு மூன்றுக்கு மேல் போகாதபடி உள்ளேயே தடுப்பு வைத்திருந்தார்கள். குண்டு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்கிற ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ ஏ.கே. வகை, அதில் முப்பது.

எழுபத்தைந்து தோட்டா பிடிக்கிற டிரம் மேகசினும் உலகில் உண்டு. ஏன் எல்லா சிப்பாய்க்கும் அதைக் கொடுப்பதில்லை? எடை. முப்பது தோட்டா நிரப்பிய இரும்பு மேகசின் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். டிரம் நிரம்பினால் இரண்டு கிலோ. குப்புறப் படுத்துச் சுடும்போது நீளமான மேகசின் தரையில் இடிக்கும். உள்ளே தோட்டாவைத் தள்ளுகிற ஸ்பிரிங் நீளநீள, சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

எடை என்றதும் ஆர்மிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. மீன் நிறுக்கிற பழைய எடைக்கற்கள் அந்த வீட்டுத் திண்ணையில் கிடந்தன. ஒரு கட்டைப் பையில் ஐந்து கிலோவுக்குப் போட்டு, “நிரப்பின எஸ்.எல்.ஆர். ஏறக்குறைய இவ்ளோதான் இருக்கும். கையை நேரா நீட்டிப் புடி பாக்கலாம்” என்றார். பையன் பிடித்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தோள் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆயா வந்து, “புள்ள கையப் பேக்காதீங்க” என்று பையைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

பிறகு பையன் கேட்டான், “அப்போ யாருமே பெரிய மேகசின் வாங்க மாட்டாங்களா மாமா?”

வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடையில் போய் வாங்கலாம். அங்கே பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற புது மேகசின்களை 1994-ல் நாடு முழுக்கத் தடுத்தார்கள். பத்து வருடக் கெடு முடிந்ததும் 2004-ல் அந்தத் தடை காலாவதியானது. அதன்பின் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். 2011-ல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், ஒரு பெண் எம்.பி. மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட ஆரம்பித்தான். அதில் முப்பத்து மூன்று குண்டு மேகசின். அது தீர்ந்து அடுத்ததை மாட்டப் போன நேரத்தில்தான் சுற்றியிருந்த பொதுமக்கள் பாய்ந்து அவனை அமுக்கினார்கள். அதற்குள் ஆறு பேர் உயிர் போயிருந்தது. மறுவருடம் கொலராடோவில் ஒரு சினிமா தியேட்டரில் சுட்டவன் நூறு குண்டு டிரம் வைத்திருந்தான். அது நடுவில் சிக்கிக்கொண்டது. சிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் நினைத்துப் பார்ப்பார்கள். 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள் சட்டம் போட்டு பெரிய மேகசின்களைத் தடை செய்தது.

பையன் ‘கேப்பு’ என்று சொன்னானே, நிஜத்தில் அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் ஓடித் தப்பிக்கிறார்கள். ஆர்மிக்காரர் இதைச் சொன்னபோது பையன் ஒன்றும் பேசவில்லை. கட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆயுதச் சட்டப்படி 21 வயது முடியாதவருக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. முடிந்தவருக்கும் அமுக்கினால் சுட்டுக்கொண்டே போகிற ரைபிள் கிடையாது. துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவருகிற வேனில் தோளில் துப்பாக்கியோடு இறங்குவாரே காவலாளி, அந்த இரட்டைக் குழலில் இருப்பது இரண்டே தோட்டா. அதை வைத்துத்தான் லட்சக்கணக்கான ரூபாய் ஊருக்குள் போய் வருகிறது.

ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது புழல் சிறை. ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பலை நினைவிருக்கலாம். கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கப் போகும் காவலர்களையும், அவர்களுடைய 35 ரைபிள்களையும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களையும் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல். 2013 அக்டோபரில் கடலோரக் காவல் படை அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்குள் அந்த ஆயுதங்களைக் கொண்டுவர அனுமதி இல்லை என்று வழக்கு. 2016 ஜனவரியில் 35 பேருக்கும் ஐந்து வருடச் சிறை. அதில் ஆறு பேர் பிரிட்டிஷ்காரர்கள், அந்த நாட்டுப் பத்திரிகைகள் அவர்களை ‘சென்னை சிக்ஸ்’ என்றே எழுதின. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. ஆனாலும் நாலு வருடம் போனது போனதுதான். தொழிலுக்காக, கம்பெனிக்காரர்களே கொண்டுபோன ஆயுதத்துக்கே இந்தப் பாடு.

சரி, போனுக்குள் இருப்பதாவது வாங்கத் தகுந்ததா?

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குள் பெரிய மேகசின் உபயோகமானதுதான். எடை இல்லை, ஸ்பிரிங் இல்லை, சிக்காது. ஆனால் அது தரையிலேயே சும்மா கிடைக்கிறது. ஃப்ரீ ஃபயரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மேகசின் படிநிலைகள் வீடு வீடாகக் கிடக்கும், எடுத்து மாட்ட வேண்டியதுதான். பி.ஜி.எம்.ஐ.யிலும் அப்படியே. முப்பது குண்டு துப்பாக்கி, கீழே கிடக்கும் ‘எக்ஸ்டெண்டட் மேக்’ மாட்டினால் நாற்பது. அங்கே காசு கொடுத்து வாங்கும் ஸ்கின்னுக்கு ஒரு குண்டுகூடக் கூடாது, முழுக்க அலங்காரம்.

ஃப்ரீ ஃபயர் ஸ்கின்னிலும் ஒன்றை ஏற்றினால் பெரும்பாலும் இன்னொன்றை இறக்கியிருப்பார்கள். மேகசின் கூடினால் வேறு ஏதாவது குறையும். போட்டிகள் நடத்துகிறவர்கள் கஸ்டம் ரூமில் ‘கன் ஆட்ரிபியூட்’டை அணைத்துவிட்டு ஆட வைக்கிறார்கள். அப்போது வைரம் கொட்டி வாங்கியவனும் ஒன்றும் வாங்காதவனும் ஒன்று. அதற்கும் மேல், பெட்டியைச் சுழற்றி எடுக்கும் ஸ்கின்களில் பல மூன்று நாள், ஏழு நாள் கெடு உள்ளவை. பையனுடைய 1,220 ரூபாயில் வந்தவற்றைத் திறந்து பார்த்தபோது, பாதிக்கு மேல் காலாவதி ஆகியிருந்தன. அவனுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

வாங்கியது நம் சொத்து என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. ஒரே நாளில் ஆப் கடைகளிலிருந்து காணாமல் போனது. திரும்பி வர மறுவருடம் மே மாதம் ஆனது.

வைரம் இலவசம் என்று லிங்க் அனுப்புகிறவர்கள் தனி ரகம். ஐ.டி., பாஸ்வேர்டு, பிறகு ஓ.டி.பி. என்று கேட்டுக் கொண்டே போவார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். பிள்ளையை அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அடிக்காமலும் இருக்கலாம்.

மாடி வீட்டுப் பெண்தான் போனைச் சரிசெய்து கொடுத்தாள். பிளே ஸ்டோரில் மேலே உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அனுமதி கேட்கும்படி மாற்றினாள். கூகுள் பிளேயில் வீட்டு ஆள் தெரியாமல் வாங்கிவிட்டார் என்று பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம். கடைசி 80 ரூபாய்க்கு மட்டும் கேட்டுப் பார்த்தாள். யு.பி.ஐ. பின் நம்பரை அம்மாவே திரும்பி நின்று மாற்றினார். மறுநாள் ஆயா ஆட்டோவிலிருந்து இறங்கி, “டேய், இதுல நம்பர் இன்னாடா?” என்று கேட்க, “எனக்குத் தெரியாது ஆயா” என்று அந்த வீட்டில் முதல் முறையாகச் சொன்னான் பையன்.

1,220 ரூபாய்க்குத் தண்டனை என்று அம்மா எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு எழுப்பி, காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ராயபுரத்தில் மூன்றாவது தெருவில் ஒரு அம்மா நெத்திலி கேட்டார், பேரம் பேசினார், திரும்பப் போனார், மறுபடி வந்தார். கால் மணி நேரம் ஆனது. கடைசியில் போனை எடுத்துக் காட்டினார். கூடை ஓரத்தில் கட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகச் சொன்னது: “எண்பது ரூபாய் பெறப்பட்டது.”

பையன் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். அம்மா அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.