கூடைப்பந்து ஒரு தொழிலாகுமா?

“விளையாட்டு சோறு போடுமா?” என்று கேட்கும் பெற்றோரைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் எந்தத் தாமானிலும் காணலாம். கேள்வி பழையதுதான். ஆயினும், அதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. கூடைப்பந்தைப் பொறுத்தவரையில், “சோறு போடும், ஆனால், சில ஆண்டுகளுக்கு மட்டுமே போடும்” என்பதே நேர்மையான விடை. இதன் முன்பாதியைப் பெற்றோர் நம்புவதில்லை. பின்பாதியைப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை.

முன்பாதிக்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. 2009ஆம் ஆண்டு ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கப்பட்டபோது, களமிறங்கிய ஆறு அணிகளுள் கோலாலம்பூர் டிராகன்ஸ் அணியும் ஒன்று. கிள்ளான் துறைமுகப் பகுதியில், பூலாவ் இண்டாவில் இயங்கும் வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனம் பின்னர் அவ்வணிக்கு ஆதரவளிக்க, அணியின் பெயரிலும் அந்நிறுவனத்தின் பெயர் சேர்ந்தது. வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற பெயரோடு 2015-16ஆம் பருவத்தின் இறுதிச் சுற்றில் சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் அணியை 3-2 என்ற ஆட்டக் கணக்கில் வீழ்த்தி அது வாகை சூடியது. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி ஆகிய இருவரும் அவ்வணிக்காக ஆடியவர்களே. கூடைப்பந்துத் திடலில் தமிழ்ப் பெயர் ஒலிக்காது என்று எண்ணுவோர் இவ்விருவரின் பெயர்களையும் நினைவில் கொள்ளலாம்.

அடுத்து எழும் தயக்கம் உயரத்தைப் பற்றியது. கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே, நெட்டையானவர்களுக்கு அனுகூலம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வட்டார லீக்குகளில் வளையத்தின் அடியில் நிற்கும் பொறுப்பு பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் ஒப்படைக்கப்படுவதும் இதனால்தான். ஆனால், பந்தை ஏந்திச் சென்று ஆட்டத்தை வழிநடத்துபவருக்கு உயரத்தைவிடக் கண்ணும் கணிப்புமே முதன்மை. மேற்குறிப்பிட்ட வெற்றியில் டிராகன்ஸ் அணியை அவ்வாறு வழிநடத்திய ஜேசன் பிரிக்மேன் ஆறடி அளவே உயரமுடையவர். பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர். சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கும் வகையில் பந்தைச் சேர்ப்பிப்பதே அவருடைய திறன். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற நான்கு ஆண்டுகளில் அவ்வாறு 1,000 முறைக்கும் மேல் பந்தைச் சேர்ப்பித்தவர் அவர். ‘பயின்ற’ என்ற சொல் இங்கு முக்கியம். அவர் கல்வியை விட்டுவிட்டு ஆட வந்தவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர்.

பின்பாதிக்கு வருவோம். பஞ்சாப் மாநிலத்தின் பல்லோ கே என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் சத்னாம் சிங். பதினான்காம் வயதிலேயே 2010ஆம் ஆண்டு உதவிநிதி பெற்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்குப் பயிற்சிக்காகச் சென்றார். 2015ஆம் ஆண்டு, 19 வயதில், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கின் தேர்வில் 52ஆவது இடத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அத்தேர்வில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அந்த ஆண்டு தேர்வானவர்கள் மொத்தம் 60 பேர். லீக்கின் 30 அணிகளில், அணிக்கு 15 பேர் என்று கணக்கிட்டாலும் 450 இடங்களே உள்ளன. உலகம் முழுவதிலுமிருந்து திரண்டு வரும் இளைஞர்கள் அந்த 450 இடங்களுக்காகவே முட்டி மோதுகின்றனர். 2.18 மீட்டர் உயரமிருந்தும் சத்னாம் சிங் மேவரிக்ஸ் அணிக்காக ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. அவ்வணியின் துணை அணியில் இரு பருவங்கள் ஆடினார், இந்தியாவுக்குத் திரும்பினார், கனடாவில் சிறிது காலம் ஆடினார். 2020ஆம் ஆண்டு ஊக்கமருந்து விதிமீறலுக்காக ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் தொழில்முறை மல்யுத்த மேடைக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவரைத் தோல்வியுற்றவர் என்று முத்திரை குத்துவது அநியாயம். பல்லோ கேயிலிருந்து டல்லாஸ் வரை சென்றதே பெரும் சாதனை. எனினும், ஓர் இளைஞரின் வாழ்க்கை பிறர் எடுக்கும் முடிவுகளில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவருடைய கதை தக்க எடுத்துக்காட்டு. இங்கும் அதே நிலைதான். ஆசியான் லீக்கின் 2019-20ஆம் பருவம் கோவிட்-19 பெருந்தொற்றால் பாதியில் நின்றது. பின்னர் அறவே கைவிடப்பட்டது. அதில் எந்த ஆட்டக்காரருடைய தவறும் இல்லை.

மலேசியாவில் தனியார்த் துறை ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. கூடைப்பந்து ஆட்டக்காரரோ 35 வயதைத் தாண்டி ஆடுவதே அரிது. இடைப்பட்ட 25 ஆண்டுகளுக்கு அவர் என்ன செய்வார்? பிள்ளையை அணியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒப்பந்தத்தில் ஊழியர் சேமநிதிக்குச் சந்தா உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊழியரின் பங்கு 11 விழுக்காடு என்றால், முதலாளியின் பங்கு 12 அல்லது 13 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகள் ஆடியவருக்கு அது சிறுதொகை அன்று. காலணிக்கு விளம்பரதாரர் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லும் இளைஞர்கள் இதைப் பற்றிக் கேட்பதாகவே தெரியவில்லை. காயம்பட்டால் மருத்துவச் செலவை யார் ஏற்பார், படிப்பைத் தொடர நேரம் ஒதுக்கப்படுமா என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டியவையே. எஸ்.பி.எம். தேர்வை ஒத்திவைத்துவிட்டு அணியில் சேருமாறு எவராவது அறிவுரை கூறினால், அந்த அறிவுரையைப் புறக்கணிப்பதே நல்லது.

ஆனால், எல்லாப் பாரத்தையும் குடும்பத்தின் தோளில் ஏற்றுவது முறையன்று. கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஓடியாட வைக்க ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளைச் சுவரில் மாட்டினார்; அவ்வளவுதான் மூலதனம். அதே ஒய்.எம்.சி.ஏ.வின் கோலாலம்பூர்க் கிளை இன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. இருந்தும், அவ்வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளுள் கூடைப்பந்தைத் தம் ஆட்டமாகக் கருதுவோர் குறைவு.

காரணம் திறமைக் குறைவன்று. கிள்ளானின் சீனப் பள்ளிகளில் ஒரு பிள்ளை ஏழெட்டு வயதிலேயே பந்தைத் தட்டத் தொடங்கிவிடுகிறது. தோட்டப்புறங்களில் தோன்றி வளர்ந்த தமிழ்ப்பள்ளிகளிலோ காற்பந்துக்கும் ஓட்டப் போட்டிகளுக்குமே இடம் இருந்தது. ஆகவே, தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுக்கின்றனர். ஐந்தாறு ஆண்டுகள் பின்தங்கித் தொடங்குபவரைத் தேர்வுநாளில் மட்டும் அளந்து பார்த்து, “இவருக்கு வராது” என்று முடிவுகட்டுவதில் நியாயமில்லை. ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை 2011ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. அது வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், அருகருகே உள்ள இரு பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பேசி, வாரத்தில் ஒரு மாலையாவது திடலைப் பகிர்ந்துகொள்ளலாம். புதிய திடல் கட்டப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்காம் ஆண்டு மாணவர்களிலிருந்தே தொடங்கலாம். நான்கு பந்துகளும் ஓர் ஆசிரியரும் போதும்.